போடிநாயக்கனூரும் இரண்டு ஏலங்களும்

1. முன்னுரை

தேனி மாவட்டத்தின் மேற்கெல்லையில், மேலைமலைத் தொடரின் அடிவாரத்தில், கம்பம் பள்ளத்தாக்கை அடுத்து அமைந்த ஊர் போடிநாயக்கனூர். இவ்வூரில் நாள்தோறும் வழங்கும் தொடர் ஒன்று உண்டு. ‘ஏலக்காய் ஏலம்’ என்பது அது. கேட்போர் செவிக்கு ஒரு சொல்லே இருமுறை வந்தாற்போல் தோன்றும். உண்மையில் இவை இருவேறு சொற்கள். ஒன்று மலையில் விளைவது. மற்றொன்று கடல் கடந்து வந்தது. இவ்விரண்டும் கூடிய இடத்தில் ஓர் ஊரின் வாணிகமும் வாழ்வும் உருப்பெற்றன. பொறியும் நுகர்வோர் சுவையும் மாறுந்தோறும் அவ்வாணிகம் எங்ஙனம் மாறியது, அம்மாற்றத்தில் யார் யார் குரல் கேட்கப்பட்டது, யார் குரல் அடங்கியது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சொல் வரலாறு

செடியையும் காயையும் குறிக்கும் ‘ஏலம்’ தொன்மை வாய்ந்த சொல். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் கணிமேதாவியார் இயற்றிய ஏலாதி, ஏலத்தை முதலாகக் கொண்ட ஆறு பொருள்கள் சேர்ந்த மருந்தின் பெயரால் வழங்குவது. வடமொழியில் இச்சொல் ‘ஏலா’ என வழங்கும். இவற்றுள் எது மூலம் என்பது மொழிநூலாரிடையே உடன்பாடு எய்தாத வினா. அஃது ஈண்டு நமக்கு வேண்டுவதன்று. காயும் சொல்லும் தமிழகத்திற்கு நெடுநாள் உரியன என்பதே போதும்.

பொருளைப் பலரறியக் கூறி, மிகுதியாகக் கேட்டவர்க்கு விற்பதைக் குறிக்கும் ‘ஏலம்’ அத்தகையதன்று. சாவி, அலமாரி, சன்னல், மேசை முதலிய சொற்களோடு போர்த்துகீசியர் வழியாக வந்தது அது. மூலச்சொல் இறுதியில் மூக்கொலி பெற்று ‘லெயிலாவ்’ என்பதுபோல் ஒலிக்கும். லகரம் மொழிக்கு முதலாகாது என்பது தொல்காப்பியர் காலந்தொட்டு வரும் தமிழ் மரபு. ஆதலின் முதல் எழுத்து நீங்க, ‘ஏலம்’ என நின்றது. ‘ஏல்’ என்னும் வினையினின்று, ‘ஏற்றுக்கொள்ளுதல்’ என்னும் பொருளில் இச்சொல் பிறந்தது என்று கருத இடமுண்டு. ஆயினும் அண்டை மொழிகளை நோக்கின் அக்கருத்து நிலைபெறாது. மலையாளத்தில் காய் ‘ஏலம்’, விற்பனை ‘லேலம்’. தெலுங்கில் விற்பனை ‘வேலம்’. மலையாளம் லகரத்தைப் போற்றிக் கொண்டமையால் அங்கு இரு சொற்களும் மயங்கவில்லை. தமிழ் தன் மரபைக் காத்தமையால் இரண்டும் ஒன்றாயின. மலைமேல் ஒரு வகையாகவும் மலையடியில் மற்றொரு வகையாகவும் ஒலிக்கும் இச்சொல்லே, இரு மொழியும் இரு மாநிலமும் கலக்கும் இவ்வாணிகத்தின் இயல்பை எடுத்துக்காட்டுகின்றது.

சொல் புதியதாயினும், பலரறியக் கூறி விற்கும் வழக்கம் நமக்குப் புதியதன்று. பிற்காலச் சோழர், பாண்டியர் காலத்து நில விற்பனைச் சாசனங்களில், விற்போர் ‘கொள்வார் உளரோ’ என்னும் கருத்துப்பட முற்கூறுதலும், கொள்வோர் பிற்கூறுதலும், இருவரும் இசைந்த விலையை ஆவணக்களரியில் கைக்கொள்ளுதலும் கூறப்படும். அது போட்டி விலையன்று. ஆயினும் வாயால் சொல்லிச் செவியால் கேட்டு நிகழ்ந்த வாணிகம் அது. சொல்லே அங்குச் சான்று. இச்செய்தியை நினைவிற் கொண்டு மேற்செல்வோம்.

3. மலையும் வழியும்

ஏலமலை திருவிதாங்கூர் அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஏலக்காய் அவ்வரசின் தனியுரிமைப் பொருள். பயிரிட்டோர் காயை அரசிடமே ஒப்படைத்தல் வேண்டும். 1896-இல் இத்தனியுரிமை நீக்கப்பட்டு நிலவரி விதிக்கப்பட்டது. அதன்பின் விளைத்தவரே விற்பவராயினர். தோட்டங்களில் உழைத்தோரில் பெரும்பாலோர் கம்பம் பள்ளத்தாக்கின் தமிழர். ஆகவே காய் அவர்களுடைய ஊர்களை நோக்கி இறங்கியது இயல்பே. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய வழிகளில் தலைச்சுமையாகவும் பொதிவிலங்குகளின் மேலும் வந்த காய், போடியில் மூட்டையாகிச் சமவெளிக்குச் சென்றது.

போக்குவரத்துப் பொறிகள் இவ்வூரின் ஏற்றத்தைப் பெருக்கின. மூணாறுப் பகுதியின் தேயிலைக்காகக் குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-இல் ஒற்றைத் தண்டவாள வண்டியும், 1908-இல் அதனிடத்தே குறுகிய பாதை இருப்புவழியும் அமைந்தன. அவ்வழி மலையுச்சி நிலையத்தில் முடிய, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிய பெட்டிகள் அடிவாரத்துக் கொட்டகுடிக்குத் தேயிலையை இறக்கின. பின் வண்டிகளில் அது போடியை அடைந்தது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அவ்விருப்புப் பாதையை அழித்தது. 1928-இல் மதுரை – போடி இருப்புப்பாதை திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அதன் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. 1950-களில் அது மீண்டும் உயிர் பெற்றது. அகலப் பாதையாக்கும் பொருட்டு 2010-ஆம் ஆண்டின் இறுதியோடு வண்டிகள் நின்றன. 2022-இல் தேனி வரையிலும், 2023-இல் போடி வரையிலும் அவை மீண்டும் ஓடத் தொடங்கின. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் வண்டியின்றி இருந்தும் போடியின் ஏலக்காய் வாணிகம் நின்றுவிடவில்லை. லாரி அதன் இடத்தைப் பற்றியிருந்தது. பொறி ஊரை வளர்க்கும். ஆனால் பொறி ஒன்றே ஊரைத் தாங்குவதில்லை என்பது இதனாற் பெறப்படும்.

1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது, தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தின்பால் நின்றன. அவற்றைத் தமிழகத்தோடு இணைக்க வேண்டி எழுந்த கிளர்ச்சி பயன் தரவில்லை. விளையும் நிலம் ஒரு மாநிலத்தில், விற்கும் ஊரும் உழைக்கும் கைகளும் மற்றொரு மாநிலத்தில் என்னும் நிலை அதன்பின்னும் தொடர்ந்தது. 2011 திசம்பரில் முல்லைப் பெரியாற்று அணை பற்றிய பூசல் மூண்டபோது தமிழ்த் தொழிலாளர் தோட்டங்களை விட்டு இறங்க நேர்ந்தது. ஏலக்காய் வாணிகத்திற்கு எல்லை எத்துணை நொய்தான இடம் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

4. நுகர்வோர் சுவையும் காயின் நிறமும்

வாணிகத்தை மாற்றுவன பொறிகள் மட்டுமல்ல. உண்போர் விருப்பம் பொறியையே மாற்றும். இதற்கு ஏலக்காயின் நிறமே சான்று.

வெயிலில் உலர்ந்த காய் பச்சை இழந்து வெளிறும். ஐரோப்பியச் சந்தை ஒருகாலத்தில் வெளுத்த காயையே விரும்பியது. வெளுப்பிப்பதே ஒரு தொழிலாக நடந்தது. அரபு நாட்டாரோ ‘கஹ்வா’ என்னும் காப்பியில் ஏலக்காயைப் பெய்து விருந்தினர்க்கு வழங்குவர். அவர்கள் வேண்டுவது பசுமை மாறாத பருங்காய். 1970-களில் எண்ணெய் வளத்தால் அந்நாடுகள் செல்வம் எய்தவே, பச்சை நிறமே விலையின் அளவுகோலாயிற்று. வெயில் விலக, ‘ஸ்டோர்’ என்று மலைமக்கள் வழங்கும் உலர்த்தும் கூடம் வந்தது. மூடிய அறையில், அளவான வெப்பத்தில், ஓர் இரவும் பகலும் காயை மெல்ல உலர்த்தினால் நிறம் நிற்கும். விறகு எரித்த அடுப்புகளின் இடத்தில் பின்னர் எரிவளி, மின்சாரம் முதலியவற்றால் இயங்கும் உலர்த்திகளும் வந்தன. சமையற்கட்டில் ஒருவர் காட்டிய விருப்பம், கடல் கடந்து மலைமேல் அடுப்பின் வடிவை மாற்றியது.

தொலைநாட்டுச் சுவையை நம்பிய வாணிகத்திற்கு இடையூறும் தொலைவிலிருந்தே வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடு அமெரிக்காவின் குவாத்தமாலாவிற்கு ஏலம் கொண்டு செல்லப்பட்டது. அந்நாட்டார் அதனைத் தாம் மிகுதியாக உண்பதில்லை. விளைவதை எல்லாம் விற்பர். அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஏற்றுமதியில் இந்தியாவை அது முந்தியது. நம் நாட்டுக் காய் அழிந்ததோ எனின், இல்லை. உள்நாட்டாரே அதனை ஏற்றனர். தேநீர், இனிப்பு, பிரியாணி, பான் மசாலா ஆகியவற்றின் வழியாக இந்திய விளைச்சலின் பெரும்பகுதி இன்று இந்தியாவிலேயே செலவாகின்றது. விழாக்காலத்து வடநாட்டு இனிப்புக்கடை, போடியின் விலையை நிறுவும் ஆற்றல் பெற்றது.

பச்சைமேல் வைத்த பற்று தீமைக்கும் வழிவகுத்தது. வெளிறிய காய்க்குச் செயற்கைச் சாயம் ஏற்றும் தீவழக்கம் தோன்றியது. சட்டம் அதனைத் தடுக்கின்றது. பூச்சிமருந்தின் எச்சத்தைக் காட்டி வெளிநாடுகள் காயை மறுத்தலும் உண்டு. கண்ணுக்கு இனிய காயைக் கேட்ட நுகர்வோரே, பின்னர்த் தூய காயையும் கேட்கின்றனர். இவ்விரண்டையும் ஒருங்கே தருதல் சிறு விவசாயிக்கு எளிதன்று.

5. வாய்மொழி ஏலமும் மின்னணு ஏலமும்

1965-ஆம் ஆண்டின் சட்டத்தின்படி ஏலக்காய் வாரியம் அமைந்தது. 1987-இல் அது நறுமணப் பொருள் வாரியத்துடன் இணைந்தது. உரிமம் பெற்ற ஏலதாரர் நடத்தும் ஏலத்தில், உரிமம் பெற்ற வணிகர் கலந்து காயைக் கொள்வதே முறை. பழைய ஏலக்கூடத்தில் மாதிரிக் காய் கைமாறும். வணிகர் அதனை உள்ளங்கையில் உருட்டுவர், தோலைப் பிரித்து விதையின் கருமையை நோக்குவர், மணத்தை முகர்வர். பின் குரல் எழும். விலை ஏறுவது செவிக்குப் புலனாகும். யார் கேட்டார், யார் தயங்கினார், யார் வாளா இருந்தார் என்பது கூடத்தில் இருந்தோர் அனைவர்க்கும் தெரியும்.

2007-இல் போடியில் மின்னணு ஏலம் புகுந்தது. வணிகர் கணிப்பொறியின் முன் அமர்ந்து, விசையை அழுத்தி விலையை உயர்த்தலாயினர். மாதிரியை நோக்கும் கையும் மூக்கும் அப்படியே இருந்தன. குரல் மட்டும் அடங்கிற்று. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் ஏலங்கள் நின்றன. அவை மீண்டும் தொடங்கிய பின், 2021 சனவரியில் மேகக் கணிமைவழி ஏலம் தொடங்கப்பட்டது. அதனால் போடியில் இருப்போரும் மலைமேல் கேரளத்துப் புற்றடியில் இருப்போரும் ஒரே ஏலத்தில் ஒரே நேரத்தில் விலை கேட்க இயன்றது. மாநில எல்லையை மலைவழி ஏறி இறங்கிக் கடந்த வாணிகம், இப்போது கம்பிவழி கடக்கின்றது.

6. பேறும் இழப்பும்

இம்மாற்றம் நன்றோ தீதோ என ஒருதலையாகக் கூறல் ஆய்வாளர்க்கு அழகன்று. பட்டினப்பாலை வணிகரின் நடுவுநிலையைப் புகழ்கின்றது. மிகுதியாகக் கொள்ளாமையும் குறைத்துக் கொடாமையும் அவர்தம் அறம் என்று கூறுகின்றது. அவ்வளவுகோலையே ஈண்டும் கைக்கொள்ளலாம்.

குரல் வழி ஏலத்தில் முகத்தாட்சண்யம் இருந்தது. ஒருவர் கேட்ட காயை நண்பர் மேலும் உயர்த்தாமல் விடுதல் எளிது. பொறிக்கு முகம் தெரியாது. அன்றன்றைய உச்ச விலையும் சராசரி விலையும் வெளியாதலின், தொலைவிலுள்ள தோட்டத்தார் கைப்பேசியில் அதனை அறிகின்றார். தரகர் சொன்னதே விலை என்னும் நிலை தளர்ந்தது. இவை பேறுகள்.

எனினும் விலை தெரிதல் வேறு; விலை நிலைத்தல் வேறு. 2018-ஆம் ஆண்டு வெள்ளமும் அடுத்து வந்த வறட்சியும் விளைச்சலைக் குறைக்க, 2019 ஆகஸ்டில் கிலோவுக்கு 7,000 ரூபாய் வரை விலை உயர்ந்தது. அவ்விலையை நம்பிப் பலர் தோட்டத்தை விரித்தனர். 2022-இல் சராசரி விலை ஆயிரத்திற்கும் கீழ் இறங்கியது. பொறி இரண்டையும் ஒரே வேகத்தில் காட்டிற்று. இரண்டில் எதனையும் தடுக்கவில்லை. ஒருமுறை ஏலத்தில் கொண்ட காயை வணிகர் மீண்டும் ஏலத்திற்குக் கொணர்ந்து வரத்தை மிகுத்துக் காட்டுகின்றனர் என்னும் குறையையும் விவசாயிகள் எழுப்பினர். நடுவுநிலை பொறியினுள் இல்லை. அதனை ஆளும் விதியினுள்ளும், விதியைக் காப்போர் நெஞ்சினுள்ளும் உள்ளது என்பது இதனால் தெற்றென விளங்கும்.

மற்றோர் இழப்பு ஏலக்கூடத்திற்கு வெளியே நிகழ்வது. போடியின் கிடங்குகளில் காயைத் தரம் பிரிப்போர் பெரும்பாலும் பெண்டிர். சல்லடையில் பருமன் பிரிந்த பின், நிறம் குன்றியதும் பிளந்ததும் பூச்சி துளைத்ததும் அவர்தம் கண்ணாலும் விரலாலுமே நீங்கும். அரிசி ஆலைகளில் பரவிய நிறம் பிரிக்கும் பொறி ஏலக்காய்க்கும் வந்துவிட்டது. வணிகரின் குரல் அடங்கியபோது வணிகர் வறுமையுறவில்லை. விசை அவர் கையில் இருந்தது. இப்பெண்டிர் கை ஓய்ந்தால் அவர்க்கு எவ்விசையும் இல்லை. மாற்றத்தின் விலையை யார் கொடுக்கின்றார் என்று வினவும்போது முதலில் நோக்க வேண்டிய இடம் இதுவே.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ஏலக்காய் வாணிகத்தில் வழியும், அடுப்பும், விற்கும் முறையும் ஒவ்வொன்றாக மாறியமையும், அம்மாற்றங்கள் பலவற்றிற்கு உண்போர் விருப்பமே தூண்டுதலாக நின்றமையும் புலனாகும். முற்கூறியும் பிற்கூறியும் நிகழ்ந்த வாணிகத்தில் இன்று சொல் அடங்கியது. எண் மட்டும் பேசுகின்றது.

தமிழ் ஆய்வாளர்க்கு இதில் ஒரு கடமை உண்டு. காய்க்கும் கிளையைச் ‘சரம்’ என்பர் மலைமக்கள். பூச்சரம் தொடுத்த கண்ணே அப்பெயரை இட்டது. காய் பறிக்கும் ஒவ்வொரு முறையும் ‘எடுப்பு’ எனப்படும். ஆங்கிலச் சொல்லாகிய ‘ஸ்டோர்’ இம்மலையில் உலர்த்தும் கூடத்தைக் குறிக்கும் தனிப்பொருள் பெற்றது. இத்தகைய சொற்கள் தோட்டத்திலும் கிடங்கிலும் இன்னும் வழங்குகின்றன. அவை கணிப்பொறியின் பட்டியலில் ஏறா. குரலோடு வாழ்ந்த சொல், குரல் ஓய்ந்தால் ஓயும். முதுகலை மாணவர் சிலரேனும் போடிக்குச் சென்று, ஏலதாரரிடமும், தோட்டத்தாரிடமும், சிறப்பாகக் காய் ஆயும் பெண்டிரிடமும் அமர்ந்து, இச்சொற்களைத் தொகுத்தல் வேண்டும். சாசனங்கள் கல்லில் நின்றமையால் பழைய ஆவணக்களரியின் சொற்களை நாம் அறிகின்றோம். ஏலக்கூடத்தின் சொற்களை எழுதி வைக்கக் கல் இல்லை. நம் ஏடே உண்டு.