வெடியுப்பும் குடிநீரும்

பீகாரின் சிற்றூர்களில் மழைக்காலம் முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும், மாட்டுத்தொழுவங்களையும் பழைய மண்சுவர்களையும் ஒட்டிய நிலத்தில் வெண்ணிற உப்பு ஒன்று பூக்கும். அம்மண்ணைச் சுரண்டி, நீரில் கரைத்து வடித்து, அந்நீரைக் கொப்பரைகளில் காய்ச்சி வெடியுப்பு எடுத்தவர்கள் நோனியா சமூகத்தினர். உப்பைக் குறிக்கும் ‘நோன்’ என்னும் சொல்லே அவர்களது பெயருக்கு வேர். வெடிமருந்துக்கு இன்றியமையாத இப்பொருளுக்காக 17-ஆம் நூற்றாண்டில் டச்சு, ஆங்கில வணிகக் கம்பெனிகள் பாட்னாவில் போட்டியிட்டன. பிளாசிப் போருக்கு அடுத்த ஆண்டு, 1758-இல், பீகார் வெடியுப்பின் ஏகபோக உரிமை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது.

வேதியியலில் அந்த உப்பு பொட்டாசியம் நைட்ரேட். மனிதர், கால்நடைகளின் கழிவிலுள்ள நைட்ரஜனை மண்ணின் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அடுப்புச் சாம்பல் பொட்டாசியத்தைத் தருகிறது. வறண்ட பருவத்தில் மேலேறிப் பூக்கும் அதே நைட்ரேட், மழையில் கரைந்து கீழிறங்கிக் கிணற்றைச் சேர்கிறது. ஆகவே, ஊர்க்கிணறுகளில் நைட்ரேட் கலந்தது யூரியாவின் வருகைக்குப் பிறகுதான் என்பது பாதி உண்மையே. பசுமைப் புரட்சி இந்தப் பழைய ஊற்றுடன் புதியதொன்றைச் சேர்த்தது. 1992-இல் பாஸ்பேட், பொட்டாஷ் உரங்களின் விலைக்கட்டுப்பாடு நீக்கப்பட்டு, யூரியாவின் விலை மட்டும் கட்டுப்பாட்டில் நீடித்தபோது, வயல்களில் இடப்படும் உரத்தில் நைட்ரஜனின் பங்கு மேலும் உயர்ந்தது.

இந்நீரின் தீங்கு மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது 1945-இல். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், கிணற்றுநீர் கலந்த பாலுணவைக் குடித்து உடல் நீலம் பாரித்த கைக்குழந்தைகளைப் பற்றி மருத்துவர் ஹன்டர் காம்லி எழுதினார். உடலுக்குள் நைட்ரைட்டாக மாறும் நைட்ரேட், குருதியின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்க இயலாதபடி செய்துவிடுகிறது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்னும் இந்திய வரம்புக்கும் அடிப்படை கைக்குழந்தைகளின் இந்நோயே. ஆனால், ராஜஸ்தானில் எஸ். கே. குப்தாவும் உடன் ஆய்வாளர்களும் நடத்தி 2000-இல் வெளியிட்ட ஆய்வு, நைட்ரேட் மிகுந்த ஊர்களில் பெரியவர்களின் குருதியிலும் இம்மாற்றத்தைக் கண்டது.

மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024-ஆம் ஆண்டு அறிக்கைக்காக 15,259 இடங்களின் நீர் சோதிக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்தில் ஓரிடத்தில் நைட்ரேட் வரம்பை மீறியிருந்தது. ராஜஸ்தானில் அது கிட்டத்தட்ட பாதி. நாடெங்கும் 2017-இல் 359 மாவட்டங்களில் காணப்பட்ட இச்சிக்கல், 2023-இல் 440 மாவட்டங்களில் காணப்பட்டது.

காய்ச்சிய நீரே தூய நீர் என்பது நம் வீடுகளின் நம்பிக்கை. கிருமிகளைப் பொறுத்தவரை அது சரியே. நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. காய்ச்சும்போது நீர் ஆவியாகிறது, உப்பு பாத்திரத்தில் தங்கிவிடுகிறது. நோனியாவின் கொப்பரை இயங்கியதும் இவ்வாறே. கைக்குழந்தையின் பால்மாவுக்கென நீரைச் சுண்டக் காய்ச்சும் தாய், தீங்கை அகற்றுவதாக எண்ணி அதைச் செறிவாக்குகிறாள். குளோரினும் இங்கே பயன்படாது. எதிர்மறைச் சவ்வூடுபரவல் போன்ற முறைகள் நைட்ரேட்டைக் குறைக்கும். ஆனால் அதற்கு மின்சாரமும் பணமும் வேண்டும். ஆகவே, கழிப்பறைக் குழியும் எருக்குழியும் கிணற்றிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளன, அந்நீர் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது என்பவையே ஒவ்வோர் ஊரும் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள்.