கூலி பெறும் சாட்சி

நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதற்குக் கூலி வாங்கலாமா? யாரைக் கேட்டாலும் கூடாது என்றே விடை வரும். பணம் பெற்றுச் சொல்லும் சாட்சியை நாம் பொய்ச்சாட்சி என்றே கருதுகிறோம். கண்டதைக் கண்டவாறு சொல்வது குடிமகனின் கடமை. அவன் வந்து போகும் செலவுக்குச் சாட்சிப்படி கொடுக்கலாம். அதற்குமேல் கொடுத்தால் அது கைக்கூலி. ஆயினும், கூலி கொடுத்து அழைத்து வருவதற்குச் சட்டமே இடந்தரும் சாட்சி ஒருவர் உண்டு. அவரை நிபுணர் சாட்சி என்கிறோம். நோயின் தன்மையைச் சொல்லும் மருத்துவர், கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பவர், சொத்துக்கு மதிப்புப் போடுபவர் ஆகியோர் இவ்வகையினர். நிகழ்ச்சியை நேரில் காணாதவராயினும், பிறர் கண்டதற்குப் பொருள் கூற வல்லவர் இவர்.

இவருக்குக் கூலி கொடுப்பவர் யார் என்ற கேள்விக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. மணவிலக்கு வழக்குகளில் அக்கேள்வி மிகவும் கூர்மை பெறுகிறது. அங்கே வாதியும் பிரதிவாதியும் நேற்றுவரை ஒரே அடுப்பில் உண்டவர்கள்; பணப்பையோ பெரும்பாலும் ஒருவர் கையிலேதான் இருந்திருக்கும்.

இந்த வரலாற்றை இங்கிலாந்தில், மௌல் என்ற நீதிபதியிடமிருந்து தொடங்குகிறேன். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதல் மாணவராகத் தேறியவர் அவர். பின்னர் வழக்கறிஞராகி நீதிபதியானார். 1843-ஆம் ஆண்டில் அவர் முன் ஒரு வழக்கு வந்தது. தம் தொழிலறிவைக் கொண்டு கருத்துச் சொல்ல அழைக்கப்பட்ட சாட்சி ஒருவர், தமக்கு ஊதியம் வேண்டும் என்றார். மௌல் அதற்கு உடன்பட்டார். அவர் கூறிய காரணம் இது: ஒரு நிகழ்ச்சியைக் கண்டவன் ஊருக்குக் கடமைப்பட்டவன், அவன் வாய் திறக்காவிட்டால் நீதியே நின்றுவிடும். ஆனால் நிபுணருக்கு அத்தகைய கட்டாயம் இல்லை; ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் வருவார். ஆகவே, அவரைத் தேர்ந்தெடுத்து அழைக்கும் தரப்பே அவருக்குப் பணம் கொடுக்க வேண்டும்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1845-இல், வார்விக் நகரில் அதே மௌல் முன் ஓர் ஏழை குற்றவாளியாக நின்றான். மனைவி அவனைவிட்டு வேறொருவனோடு போய்விட்டாள், அவன் இரண்டாவது மணம் செய்துகொண்டான், அது குற்றம். தண்டனை கூறும்போது மௌல் அவனுக்குச் சட்டத்தின் வழியை எடுத்துரைத்தார். முதலில் மனைவியைக் கொண்டுபோனவன்மேல் நஷ்டஈட்டு வழக்குத் தொடுக்க வேண்டும். அடுத்துத் திருச்சபை நீதிமன்றத்தில் பிரிவினைத் தீர்ப்புப் பெற வேண்டும். பிறகு பார்லிமெண்டிலே தனக்கென ஒரு தனிச்சட்டம் நிறைவேற்றிக்கொள்ள வேண்டும். சாட்சிகளை அழைத்து வரும் செலவும் சேர்ந்து, மொத்தம் சுமார் 1,000 பவுன் ஆகும். அவனிடம் 1,000 பென்னிகூட இல்லை. ஆனாலும் செல்வருக்கு ஒரு சட்டம், ஏழைக்கு ஒரு சட்டம் என்பது இந்நாட்டில் கிடையாது என்று அவர் முடித்தார். புகழ்வது போலப் பழித்த பேச்சு அது. அந்த முறை நடைமுறையில் இருந்த காலம் முழுவதிலும் தனிச்சட்டத்தின் மூலம் மணவிலக்குப் பெற்றவர் 300-க்குச் சற்று மேற்பட்டவரே. அவர்களுள் பெண்கள் நால்வர்தாம்.

இவ்விரு செய்திகளையும் நான் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நூல்களில் படித்தேன். இரண்டும் ஒரே மனிதர் வாயிலிருந்து வந்தவை என்பது பின்னரே என் கவனத்துக்கு வந்தது. அப்போதுதான் ஒரு முரண்பாடு எனக்குப் புலப்பட்டது. அழைப்பவனே கூலி கொடுக்கட்டும் என்றது முதற்பேச்சு. கொடுக்க இயலாதவன் கதி என்ன என்று கேட்டது இரண்டாம் பேச்சு. முதலாவது சட்டமாக நிலைத்தது. இரண்டாவது வினாவாகவே நின்றது.

1857-ஆம் ஆண்டுச் சட்டம் மணவிலக்கைப் பார்லிமெண்டிலிருந்து நீதிமன்றத்துக்கு மாற்றியது. அடுத்த ஆண்டிலேயே, ராபின்சன் என்ற பொறியியலாளர் தம் மனைவி இசபெல்லாமீது வழக்குத் தொடுத்தார். மனைவியின் நாட்குறிப்பே அவர் காட்டிய சான்று. அக்குறிப்பு நோயினால் விளைந்த கற்பனை என்று எதிர்த்தரப்பு வாதித்தது. அதை நிலைநாட்ட மருத்துவர்கள் கூண்டேறினார்கள். இசபெல்லாவோ வாய் திறக்க இயலாது. கற்பு நெறி தவறியதாகக் கூறும் வழக்குகளில் கணவனும் மனைவியும் சாட்சி சொல்ல 1869 வரை சட்டம் இடங்கொடுக்கவில்லை. ஒரு பெண்ணின் உள்ளத்தில் இருந்தது என்ன என்பதை அவளைத் தவிர மற்றவர்கள் பேசினார்கள். 1859-இல் வழக்குத் தள்ளுபடியாயிற்று. ஆயினும், நிபுணர் சொல்லுக்கு அந்த மன்றத்தில் எத்தகைய இடம் இருந்தது என்பதை அவ்வழக்கு காட்டிவிட்டது.

அக்காலத்தில் மனைவியின் பொருள் கணவனுடையதாகவே சட்டத்தில் கருதப்பட்டது. ஆகையால், அவளது வழக்குச் செலவையும் கணவனே கொடுக்க வேண்டும் என்று திருச்சபை நீதிமன்றங்கள் வழக்கம் ஏற்படுத்தியிருந்தன. புதிய நீதிமன்றமும் அதைத் தொடர்ந்தது. அவளுடைய செல்வத்தை எடுத்துக்கொண்டவன் அவளுடைய வாதத்துக்கும் விலை கொடுக்கட்டும் என்ற எண்ணத்தில் ஓரளவு நேர்மை இருந்தது. 1882-ஆம் ஆண்டுச் சட்டம் மணமான பெண்ணுக்குத் தனிச்சொத்துரிமை அளித்தபோது, அந்தப் பழைய காரணம் மெல்ல வலுவிழந்தது.

கூலி கொடுப்பவன் பக்கம் நிபுணர் சாய்ந்துவிடுவாரே என்ற கவலையும் இருந்தது. 1873-இல் ஜெஸ்ஸல் என்ற புகழ்பெற்ற நீதிபதி இதை வெளிப்படையாகவே சொன்னார். நிபுணர் நாணயமானவராகவே இருக்கலாம். ஆனாலும் தமக்கு ஊதியம் தருபவருக்கு உதவ வேண்டும் என்ற சாய்வு மனித இயல்பு. மேலும், பலரைக் கேட்டுப் பார்த்துத் தமக்கு இசைவாகப் பேசுபவரையே கட்சிக்காரர் அழைத்து வருகிறார். தராசு பழுதற்றதாக இருக்கலாம். எந்தத் தராசைக் கொண்டுவருவது என்று முடிவு செய்பவர் வியாபாரி அல்லவா?

இதற்கு மாற்று வழியும் மணவழக்குகளிலேயே பழங்காலம் தொட்டு இருந்தது. திருமணமே செல்லாது எனக் கோரும் சில வழக்குகளில், பரிசோதிக்கும் மருத்துவர்களைத் திருச்சபை நீதிமன்றமே நியமித்தது. அவர்கள் அறிக்கை நீதிமன்றத்துக்கே உரியது. இந்தக் கருத்து 1999-இல் இங்கிலாந்தின் உரிமையியல் விதிகளில் விரிவாக இடம்பெற்றது. 2011-இல் நடைமுறைக்கு வந்த குடும்ப வழக்கு விதிகளும் அதை ஏற்றன. இருதரப்புக்கும் பொதுவாக ஒரே நிபுணரை அமர்த்தலாம். கூலியை இருவரும் பகிர்ந்து கொடுக்கலாம். நிபுணரின் முதற்கடமை பணம் கொடுப்பவருக்கு அன்று, நீதிமன்றத்துக்கே.

நம் நாட்டுக்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு. கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டம் ஆங்கிலச் சட்டத்தை ஒட்டியே இயற்றப்பட்டது. இந்துக்களுக்குச் சென்னை மாகாணம் 1949-இலேயே மணவிலக்கு உரிமை வழங்கியது. 1955-இல் இந்து திருமணச் சட்டம் ஏறத்தாழ நாடு முழுவதற்கும் வந்தது. அதன் 24-ஆம் பிரிவு போற்றத்தக்கது. போதிய வருமானம் இல்லாதவர் கணவனாயினும் மனைவியாயினும், வழக்கு நடக்கும்போதே அதன் செலவை மற்றவரிடமிருந்து பெறலாம். மணவழக்கில் மருத்துவப் பரிசோதனைக்கு ஆணையிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2003-இல் தீர்ப்பளித்தது. ஆகவே, நிபுணர் செலவு என்பது நம் குடும்பங்களின் வாயிற்படிக்கே வந்துவிட்ட செய்தி.

எல்லாவற்றிலும் சிறந்ததாக நான் கருதுவது 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டம். அதன்படி நீதிமன்றமே மருத்துவ நிபுணரின் உதவியை நாடலாம். அவருடைய ஊதியத்தையும் பயணச் செலவையும் மாநில அரசின் வருவாயிலிருந்து கொடுப்பதற்கு அரசு விதிகள் செய்யலாம். மௌலின் இரண்டாம் பேச்சு எழுப்பிய வினாவுக்குச் சட்ட ஏட்டிலே எழுதப்பட்ட விடை இது. ஏட்டில் உள்ள விடை வழக்காடும் ஒவ்வோர் ஏழையின் கைக்கும் வந்து சேர வேண்டும்.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது நம் பழமொழி. சொல் ஏறாததற்குக் காரணம் அது பொய் என்பதன்று. அதை ஏற்றிவிடும் படிக்கட்டுக்கு விலை இருக்கிறது என்பதே. மாணவர்களாகிய நீங்கள் நாளை ஒரு தீர்ப்பைப் படிக்கும்போது, நிபுணர் என்ன சொன்னார் என்பதோடு நின்றுவிட வேண்டாம். அவரை அழைத்தவர் யார், கூலி கொடுத்தவர் யார், எதிரில் நின்றவருக்கும் அப்படி ஒருவரை அழைக்க வசதி இருந்ததா என்பதையும் கேளுங்கள். அந்தக் கேள்விகளுக்கு நேரான விடை கிடைக்கும் இடத்திலேயே நீதி எல்லோருக்கும் பொதுவாகிறது.