சிறுநீர்ப்பைப் புற்றுநோய்: ஒரே கட்டிக்கு எத்தனை பெயர்?

சிறுநீர்ப்பையின் தசைக்குள் இறங்கிவிட்ட புற்றுநோய்க்கு வழக்கமான வைத்தியம் இது: முதலில் சிஸ்பிளாட்டின் கலந்த கீமோதெரபி, பிறகு சிறுநீர்ப்பையையே எடுத்துவிடுவது. மைக்ராஸ்கோப்பில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு கட்டிகளில் ஒன்று மருந்துக்குக் கரையும், மற்றொன்று அசையாது. அசையாத கட்டி உள்ளவருக்கு அந்த மாதங்கள் வீண். அதற்குள் நோய் பரவியும் விடலாம். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

வழி காட்டியது மார்பகப் புற்றுநோய். 2000-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் மார்பகக் கட்டிகளில் எந்தெந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று அளந்து பார்த்தார்கள். பால் நாளத்தின் உட்புறச் செல்களைப் போல நடந்துகொள்பவை லூமினல், அடி வரிசைச் செல்களைப் போன்றவை பேசல் என்று பெயர் வந்தது. சிறுநீர்ப்பையின் உள் உறையிலும் இப்படி மேல் வரிசை, அடி வரிசை உண்டு. பெயர்களை அப்படியே கடன் வாங்கிக்கொண்டார்கள்!

அதன் பிறகுதான் வேடிக்கை. 2012-இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகக் குழு 308 கட்டிகளைப் பார்த்து ஐந்து வகை என்றது. 2014-இல் அமெரிக்காவின் வட கரோலினா குழு இரண்டு என்றது. ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் குழு மூன்று என்றது. அங்கேயே டி.சி.ஜி.ஏ. என்ற தேசியத் திட்டம் 131 கட்டிகளை வைத்து நான்கு என்றது. யாரும் தப்புக் கணக்குப் போடவில்லை. லுண்ட் குழு மேலோட்டமான கட்டிகளையும் சேர்த்திருந்தது, மற்றவர்கள் தசைக்குள் இறங்கியவற்றை மட்டும் எடுத்தார்கள். கோட்டை எங்கே கிழிப்பது என்பதும் அவரவர் முடிவு. ஆனால் ஒரே கட்டிக்கு ஊருக்கு ஒரு பெயர் என்றால் மருத்துவர் எதை நம்புவார்? 'பி53 போன்ற' வகை கீமோவுக்கு மசியாது என்றது ஹூஸ்டன். அந்தப் பெயரில் ஒரு வகையே மற்றவர்கள் பட்டியலில் இல்லை!

2015-இல் மாட்ரிட்டில் கூடிப் பேசியபோது, பேசல்-ஸ்குவாமஸ் என்று ஒரு வகை உண்டு என்பதில் ஒத்துப்போனார்கள். முழு சமரசம் 2020-இல்தான் வந்தது. 1750 கட்டிகள், ஆறு பழைய பட்டியல்கள், கடைசியில் ஆறு வகை! 35 சதவீதத்துடன் பேசல்-ஸ்குவாமஸ் முதலிடம். நரம்பு-நாளமில்லாச் சுரப்பிச் செல்களை ஒத்த வகை வெறும் 3 சதவீதம், ஆனால் ஆயுளைக் குறைப்பதில் அதுதான் மோசம்.

இத்தனைக்குப் பிறகும், வகையைப் பார்த்து கீமோவை முடிவு செய்வது வழக்கத்துக்கு வரவில்லை. பின்னால் வந்த ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. முற்றிய நோய்க்கு 2019 ஏப்ரலில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எர்டாஃபிட்டினிப் மாத்திரைக்குக்கூட வகை தேவையில்லை. எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 மரபணு மாறியிருக்கிறதா என்று சோதித்துத்தான் தருகிறார்கள். அந்த மாற்றம் அதிகம் தென்படுவது என்னவோ லூமினல்-பாப்பிலரி வகையில்தான்.