குண்டு எழுத்தும் ஒல்லி போர்டும்

ஆவடிக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. பெயர் மூன்றே எழுத்து. எவ்வளவு ஒல்லியான போர்டிலும் அடங்கிவிடும். பக்கத்து ஊரான திருமுல்லைவாயலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. முனை மழுங்கிய, குண்டு குண்டான விளையாட்டு எழுத்துருக்களைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு இந்த ரெண்டு பெயரும்தான் அளவுகோல்.

உருண்டை வடிவம் தமிழுக்குப் புதுசு இல்லை. ஓலையில் எழுத்தாணியால் நேர்கோடு கீறினால் ஓலை கிழியும், அதனால் எழுத்து வளைந்தது என்பது பள்ளியிலேயே கேட்ட விளக்கம். ஆங்கில எழுத்துக்கு வட்ட முனை என்பது மேலே சேர்த்த அலங்காரம். 1979-ல் ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்துக்காக உருவான 'வேக் ரவுண்டட்' அதற்குப் பேர்போன உதாரணம். தமிழில், ஏக் டைப் குழுவின் 'பலூ தம்பி'யைப் பாருங்கள். மலையாளத்தில் 'சேட்டன்', தெலுங்கில் 'தம்முடு' என்று அண்ணன் தம்பிகள் உள்ள குடும்பம் அது. யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். அவ்வளவு குண்டாக இருந்தும் கண்ணுக்கு அந்நியமாகப் படுவதில்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஒடுக்கும்போதுதான்.

1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் அரசாணையானது. பெரியார் 1935-லேயே 'குடி அரசு' இதழில் நடைமுறைப்படுத்திய மாற்றங்கள் இவை. 13 எழுத்துகளின் பழைய கூட்டு வடிவம் போனது. துதிக்கை தூக்கிய பழைய 'லை' ஒரே உருவம். இன்றைய 'லை' தனித்தனியாக இரண்டு உருவம். அச்சுக்கும் தட்டச்சுக்கும் இது பெரிய விடுதலை. ஆனால் போர்டில் இடம் கேட்கும். இதோடு, கடைப் பலகையில் தமிழ் 5 பங்கு, ஆங்கிலம் 3, பிற மொழி 2 என்ற அரசு விகிதமும் உண்டு. தமிழ் பெரிதாக இருக்கணும், வார்த்தையோ நீளம், கடையின் முகப்போ பத்தடி. என்ன செய்வார்கள்? கணினியில் எழுத்தைப் பிடித்து இரண்டு பக்கமும் நசுக்கிவிடுவார்கள்.

அப்படி நசுக்கினால் செங்குத்துக் கோடு மெலியும், படுக்கைக் கோடு பழைய தடிமனிலேயே நிற்கும், உருண்டை முனை முட்டை வடிவமாகும். அதைவிட மோசம், சுழிகள் அடைந்துபோவது. நாம் மூன்று சுழி 'ண', ரெண்டு சுழி 'ன' என்று எண்ணித்தானே படிக்கிறோம்? தடித்த எழுத்தை நசுக்கினால் சுழியை எண்ண முடியாது. 'திருமண மண்டபம்' தூரத்தில் 'திருமன மன்டபம்' ஆகிவிடும். 'பணி', 'பனி' போன்ற சொற்களில் பொருளே மாறும்.

தூரிகை பிடித்த ஓவியர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. சாக்பீஸால் முதலில் கோடு போட்டு, எழுத்தை ஒல்லியாக வரைவார்கள். தூரிகையின் அகலம் மாறாது, சுழிக்குள் வெளிச்சம் இருக்கும். ஃப்ளெக்ஸ் வந்தபோது போர்டுகளிலிருந்து போனது அந்தக் கைக்கணக்குதான்.

குண்டு எழுத்து ஸ்வீட் கடைக்கும் மழலையர் பள்ளிக்கும் அழகு. மருந்துக் கடைக்கும் பஸ் போர்டுக்கும் வேண்டாம். இடம் போதவில்லையா, இரண்டு வரியாக உடையுங்கள், அல்லது ஒல்லியாகவே வரையப்பட்ட எழுத்துருவைத் தேடுங்கள். புது எழுத்துரு செய்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: மாதிரிக்கு 'ஆவடி' எழுதிக் காட்டாதீர்கள், 'திருமுல்லைவாயல் திருமண மண்டபம்' எழுதிக் காட்டுங்கள்.