தியலும நீர்வீழ்ச்சி

பெரகலவிலிருந்து வெல்லவாய செல்லும் வீதியில், கொஸ்லாந்தையைத் தாண்டி ஏறத்தாழ 6 கிலோமீற்றரில் விழும் அருவி. பதுளை மாவட்டத்தைச் சேர்ந்தது. 220 மீற்றர் உயரமுள்ள இதை விஞ்சுவது இலங்கையில் பம்பரகந்த (263 மீற்றர்) ஒன்றே. அதுவும் இதே மாவட்டத்தில்தான், பெரகலவுக்கு மேற்கே இருக்கிறது. நாட்டின் முதலிரு அருவிகளும் இப்படி அருகருகே அமைந்தது தற்செயலல்ல. மத்திய மலைநாட்டின் தென்விளிம்பு இப்பகுதியில் சரிந்து இறங்காமல் சுவராகவே நிற்கிறது.

அந்தச் சுவர் எப்படி வந்தது என்பதில் புவிச்சரிதவியலாளர் முரண்பட்டனர். இலங்கை நிலம் மூன்று படிகளாக அமைந்திருப்பதை 1929இல் விளக்கிய கனேடியரான பிராங்க் டோசன் அடம்ஸ், அவற்றை அரிப்பின் வேலை என்றார். நிலத்துண்டுகள் மேலெழுந்ததே காரணம் என்பது பின்னர் வந்த டி. என். வாடியாவின் வாதம்.

ஊர்க்கதைக்கு இந்தச் சிக்கலில்லை. நாடுகடத்தப்பட்ட இளந்தலைவன் கொடிகளை முறுக்கிக் கயிறாக்கித் தன் காதலியை மேலே இழுத்தான். அவள் பாறையில் மோதி இறந்தாள். இரங்கிய தெய்வங்கள் அந்தக் காட்சியை நீரால் மறைத்தன. அறுவை மருத்துவரும் எழுத்தாளருமான ஆர். எல். ஸ்பிட்டல் பதிவுசெய்த கதை இது.

அருவிக்கு நீர் தருவது பூனாகலைப் பக்கத்துத் தேயிலை மலைகளிலிருந்து வரும் பூனாகலை ஓயா. வீதியில் நின்று படமெடுத்துவிட்டுப் போகிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். மகல்தெனிய வழியாக மானாப்புல் மேட்டில் இறங்கினால், விளிம்புக்குச் சற்று முன்பு ஓயா சிறு சிறு அருவிகளாகத் தத்தி, பாறைக் குழிகளில் தேங்குகிறது. சுழல்நீரில் அகப்பட்ட கூழாங்கற்கள் காலங்காலமாகக் கடைந்த குழிகள் இவை. ஓரம் வழவழவென்று தேய்ந்திருக்கும். ஈரமானால் கால் நிற்காது. மலையில் பெய்யும் மழை சிறிது நேரத்தில் இங்கே வெள்ளமாக வந்துவிடும் என்பதையும் குளிக்க இறங்குவோர் அறிந்திருக்க வேண்டும்.

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை அருவி பெருகும். தென்மேல் பருவக்காற்று வீசும் ஜூலை, ஓகஸ்டில் மெலிந்துவிடும். அதே மழைதான் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்த தோட்டத்து லயன்களை மண்ணுக்குள் புதைத்தது. செங்குத்துச் சுவரின் அடியில் திரண்ட தளர்மண் நீரேறினால் நகரும். அதன்மேல்தான் தோட்டக் குடியிருப்புகள் பல இருக்கின்றன.

அருவிநீர் கிரிந்தி ஓயாவில் கலந்து, லுணுகம்வெஹெர நீர்த்தேக்கத்தை நிரப்பி, திஸ்ஸமகாராமை வயல்களுக்குப் பாய்கிறது.