அன்னபூர்ணாவின் விறகும் விடுதிகளும்

நேபாள மலைநடைப் பயணம் ஒரு தொழிலாக உருப்பெற்றதை, ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் கூர்க்கா படை அதிகாரி ஜிம்மி ராபர்ட்ஸ் 1964இல் காத்மாண்டுவில் தொடங்கிய நிறுவனத்திலிருந்து கணக்கிடுவது வழக்கம். கூடாரம், உணவு, சுமையாட்கள் என அனைத்தையும் நிறுவனமே ஏற்பாடு செய்த அம்முறைக்கு இணையாக, அன்னபூர்ணாப் பாதைகளில் குருங், தகாலி மக்கள் நடத்திய சிறு விடுதிகள் பெருகின. பயணிகளுக்குச் சமைக்கவும் வெந்நீர் காய்ச்சவும் அவை எரித்த விறகால் மலைச்சரிவுக் காடுகள் மெலிந்தன.

1986இல் காந்த்ருக் கிராமத்தை மையமாகக் கொண்டு தொடங்கிய அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதித் திட்டம், குடிகளை வெளியேற்றும் தேசியப் பூங்கா முறையைத் தவிர்த்து, ‘பாதுகாப்புப் பகுதி’, அதாவது மக்கள் தம் நிலத்திலேயே வாழ்ந்தபடி காட்டை நிர்வகிக்கும் ஏற்பாட்டை, நேபாளத்தில் முதன்முதலாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பயணிகளின் நுழைவுக் கட்டணம் அப்பகுதியின் பணிகளுக்கே செலவிடப்பட்டது. விடுதியாளர் குழுக்கள் உணவுப் பட்டியலையும் விலையையும் பொதுவாக வரையறுத்தன. விறகுக்கு மாற்றாக மண்ணெண்ணெய்க் கிடங்குகளும் சூரிய வெந்நீர்க் கலன்களும் வந்தன. மண்ணெண்ணெயும் மாசு தருவதே. எனினும் காடழிவோடு ஒப்பிட, அது சிறிய தீங்கு என்றே கொள்ள வேண்டும். சுமையாட்களின் குளிருடை, தங்குமிடம், மருத்துவம் ஆகியன காட்டைப்போல் விரைவில் கவனம் பெறவில்லை; அவர்களுக்கெனப் பன்னாட்டுப் பாதுகாப்புக் குழு ஒன்று அமைந்தது 1997இல்தான்.