ரெக்கார்டு நோட்டில் மூன்று நிறங்கள்

அண்ணாமலை நகர் வீட்டில் பழைய பெட்டியைக் குடைஞ்சப்ப என் விலங்கியல் ரெக்கார்டு நோட்டு கிடைச்சது. உள்ளே கோழிக்கருவின் குறுக்குவெட்டுப் படம். புறஅடுக்கு நீலம், நடுஅடுக்கு சிவப்பு, அகஅடுக்கு மஞ்சள். அன்னைக்கு மனப்பாடம் பண்ணினேனே தவிர, இந்த மூணு அடுக்கை யார் கண்டுபிடிச்சாங்கன்னு கேட்கத் தோணலை.

18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அறிஞர்கள் பலர், கருவுக்குள் முழு உருவமும் குட்டியாக ஏற்கெனவே இருக்கு, அது பெரிசாவதுதான் வளர்ச்சின்னு நம்பினாங்க. 1817இல் கிறிஸ்டியன் பாண்டர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கோழிமுட்டைகளைத் திறந்து பார்த்தார். உள்ளே குட்டிக் கோழி இல்லை. மெல்லிய ஏடுகள்தான் இருந்தன. அவை மடிந்து, சுருண்டு உறுப்புகளாகின்றன. இந்த ஆய்வுக்கு நிறையப் பணம் வேணும். நண்பர் ஃபான் பேயருக்கு அந்த வசதி இல்லை. ரீகா நகரத்துப் பணக்கார வீட்டுப் பிள்ளையான பாண்டருக்கு இருந்தது. பிறகு 1828இல், முதுகெலும்புள்ள மற்ற விலங்குகளுக்கும் இது பொருந்தும்னு காட்டியவர் பேயர்.

எந்த அடுக்கு எதுவாகிறது என்பதை நுண்ணோக்கியில் செல் செல்லாகப் பார்த்துத் தெளிவாக்கியவர் ராபர்ட் ரீமாக். தோலும் மூளையும் ஒரே புறஅடுக்கின் பிள்ளைகள். தசை, எலும்பு, இதயம், ரத்தம் எல்லாம் நடுஅடுக்கு. குடலின் உள்சவ்வு, கல்லீரல், நுரையீரலின் உள்பூச்சு அகஅடுக்கு. ரீமாக் யூதர். மதம் மாற மறுத்தார். பெர்லினில் முழுப் பேராசிரியர் பதவி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவே இல்லை. 1865இல் இறந்தார்.

இந்தக் கதை நம்ம கடற்கரைக்கும் வருது. 1849இல் தாமஸ் ஹக்ஸ்லி, ஜெல்லிமீனின் உடம்பே இரண்டு ஏடுகள்தான், அவை கோழிக்கருவின் மேல், கீழ் ஏடுகளைப் போன்றவைன்னு எழுதினார். முதுகெலும்பில்லாத உயிரையும் நம்மையும் ஒரே கணக்கில் சேர்த்த வரி அது. வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கு. அந்தக் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் ஜெல்லிமீனை அரிக்கும்னு சொல்லி எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கேன்.

நோட்டில் நீலம் இன்னும் வெளுக்கலை. பென்சிலைப் பிடிச்ச விரலின் தோலும், நிறத்தை மனப்பாடம் பண்ணின மூளையும் அந்த நீலத்திலிருந்து வந்தவைதான். பக்கத்து ஓரத்தில் ரீமாக் பெயரை இப்பதான் எழுதி வச்சேன்.